லாரிக்கும் டிரெய்லருக்கும் நீடித்து உழைக்கும் டயர்: டெல்டாவில் புதிதாக வண்டி எடுத்தவர்களுக்கு

புது டயர் விலை கேட்கப் போவதற்கு முன்னால், தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் போடும் ரீட்ரேடிங் பட்டறை பக்கத்தில் இருக்கும், அதற்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். தஞ்சாவூரோ, கும்பகோணமோ, மன்னார்குடியோ, எந்த ஊர்ப் பட்டறையானாலும் பின்பக்கம் ஒரு குவியல் கிடக்கும். "இது தேறாது" என்று ஒதுக்கிப் போட்ட டயர்கள். நாலைந்தைப் புரட்டிப் பாருங்கள். பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் கட்டை ரப்பர், முழுக்கத் தேய்ந்து, உழைத்து முடித்துக் கிடப்பவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை பட்டன் பாதி இருக்கும்போதே செத்தவை. ஒன்றின் பக்கச்சுவரில் கை நுழையும் அளவுக்குக் கிழிசல். இன்னொன்றில் ரிம்மில் உட்காரும் விளிம்பின் உள்ளே இருக்கும் பீடு கம்பி வெளியே வந்திருக்கும். மற்றொன்றில் ஜல்லிக்கல் துளைத்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி, உள்ளே இருக்கும் இரும்பு நூல் துருப்பிடித்திருக்கும்.

இதைப் பார்த்த பிறகு, "எந்தக் கம்பெனி டயர் அதிக கிலோமீட்டர் ஓடும்?" என்ற கேள்வியோடு கடைக்குப் போக மாட்டீர்கள்.

எங்கள் வண்டிகளின் ஓட்டம் மன்னார்குடியைச் சுற்றித்தான். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை, மற்ற நாட்களில் வேதாரண்யம் உப்பு, புதுக்கோட்டை ஜல்லி, அரியலூர் சிமென்ட். இத்தனை வருடத்தில் நான் தெரிந்துகொண்டது இதுதான்: நம் பக்கம் டயரைத் தின்பது நெடுஞ்சாலை இல்லை, கடைசி மூன்று கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் 83-ஆம் எண் சாலையில் எந்த டயரும் ஓடும். அதிலிருந்து இறங்கி, கொள்முதல் நிலையத்துக்கு வாய்க்கால் கரையில் திரும்புகிறீர்களே, அங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது. தார் விளிம்பு கத்தி மாதிரி உடைந்து நிற்கும். எதிரே டிராக்டர் வந்தால் ஒரு பக்கச் சக்கரத்தைக் கரையில் இறக்கியாக வேண்டும். கரை ஓரம் முழுக்க சீமைக்கருவேல முள். மதகுக் கட்டையில் பின்சக்கரம் உரசாமல் திரும்ப முடியாது. அந்த மூன்று கிலோமீட்டரில் பிழைக்கிற டயர்தான் நமக்கு நீடித்து உழைக்கிற டயர்.

முதல் வேலை: ஓட்டத்தை எழுதுங்கள்

ஒரு மாதம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். எந்தச் சரக்கு, எத்தனை டன், நல்ல ரோட்டில் எத்தனை கிலோமீட்டர், கிராம ரோட்டில் எத்தனை, வெறும் வண்டியாகத் திரும்பியது எத்தனை. நெல் ஏற்றுபவர்களுக்கு இது சுலபம். மூட்டை 40 கிலோ, 450 மூட்டை ஏற்றினால் 18 டன். ஆனால் மழையில் நனைந்த சாக்கு எடை மேடையில் வேறு கணக்கு காட்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதாமல் கடைக்குப் போனால், கடைக்காரரிடம் எந்த டயர் இருப்பில் இருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்கு ஏற்ற டயராகிவிடும்.

இரண்டாவது: பழைய டயர் என்ன சொல்கிறது

வண்டியில் இப்போது இருக்கும் டயரைக் குனிந்து பாருங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நிமிர்ந்து நின்றால் காற்று குறைவு அல்லது லோடு அதிகம். ஒரு ஓரம் மட்டும் போயிருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் நேர், சரியில்லை. உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் மாதிரியும் பிடித்தால், முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கவில்லை. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் பேரிங்கில் ஆட்டம், அல்லது கிங்பின், ஷாக் அப்சார்பர் ஏதோ ஒன்று போய்விட்டது.

இதைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால் அதுவும் ஆறு மாதத்தில் அதே மாதிரி தேயும். அலைன்மென்ட் செலவு ஒரு டயர் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் நம்மில் பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. நானும் முதல் மூன்று வருடம் செய்ததில்லை.

மூன்றாவது: பக்கச்சுவரில் உள்ள எண்கள்

இதை நிதானமாகப் படியுங்கள். டயர் வாங்குவதில் பாதி விஷயம் இங்கேதான் இருக்கிறது.

10.00-20 என்று நடுவில் கோடு இருந்தால் நைலான் டயர். 10.00R20 என்று ஆர் இருந்தால் ரேடியல். இரண்டும் டியூப் போட்டு ஓட்டுவது. 295/80R22.5 என்பது டியூப் இல்லாத ரேடியல். 295 என்பது மில்லிமீட்டரில் அகலம், 80 என்பது அகலத்தில் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 22.5 ரிம்மின் அளவு அங்குலத்தில். 20 அங்குல ரிம்மில் 22.5 டயர் உட்காராது. டியூப்லெஸ்ஸுக்கு மாற வேண்டுமென்றால் ரிம்மோடு மாற்ற வேண்டும்.

அளவுக்குப் பக்கத்தில் 146/143K அல்லது 152/148M என்று ஒன்று இருக்கும். பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. முதல் எண் அந்த டயர் தனியாக ஓடும்போது தாங்கும் எடைக்கான குறியீடு. இரண்டாவது, ஜோடியாக மாட்டும்போது ஒவ்வொன்றும் தாங்கும் எடை. 146 என்றால் 3,000 கிலோ, 143 என்றால் 2,725 கிலோ. 152 என்றால் 3,550, 148 என்றால் 3,150. கடைசி எழுத்து வேகம்: கே என்றால் மணிக்கு 110 கிலோமீட்டர், எம் என்றால் 130. வேகத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை, கும்பகோணம் ரோட்டில் 60-ஐத் தாண்டினாலே பெரிய விஷயம்.

எடையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்திய பிறகு பத்துச் சக்கர லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 28.5 டன் வரை அனுமதி. பின்னால் உள்ள ஜோடி அச்சில் 21 டன், எட்டு டயர். ஒரு டயருக்கு 2,625 கிலோ. 143 என்று போட்ட டயர் இதைத் தாங்கும், ஆனால் கையிருப்பு வெறும் 100 கிலோதான். மூன்று டன் அதிகம் ஏற்றினால் ஒரு டயருக்கு 3,000 கிலோ, தாங்கும் எல்லையை விட்டு வெளியே போய்விட்டது. முன்னால் பாருங்கள். முன் அச்சில் 7 டன் உட்கார்ந்தால் ஒரு டயருக்கு 3,500. 146 போட்ட டயர் அங்கே ஆகாது, 152 வேண்டும்.

கூடுதல் லோடு ஏற்றினால் பிடிபடும்போது 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அது எல்லோருக்கும் தெரியும். பிடிபடாத நாளிலும் டயர் தன் அபராதத்தை வசூலித்துக்கொள்கிறது என்பதுதான் தெரிவதில்லை.

அப்புறம் தேதி. பக்கச்சுவரில் ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் வருடம் 35-ஆவது வாரம் செய்தது. இது இரண்டு பக்கச்சுவரிலும் இருக்காது. ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் திருப்பச் சொல்லுங்கள். என்னிடம் ஒரு கடையில், "பாத்துக்கலாம் அண்ணே, ரப்பர் புதுசாத்தான இருக்கு" என்று மூன்று வருடம் கிடந்த டயரைத் தள்ளிவிட்டார்கள். கறுப்புப் பாலிஷ் பளபளவென்று இருந்தது. மாட்டி இரண்டாவது கோடையிலேயே பட்டனின் அடிப்பக்கம் நரம்பு நரம்பாக வெடிக்க ஆரம்பித்தது. ஒரு வருடத்துக்குள் செய்ததை மட்டும் வாங்குங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15636 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வணிக வாகன டயருக்கான தரக் குறி அது, கட்டாயம். எங்கிருந்தோ வந்த மலிவு டயரில் அது இல்லாவிட்டால் விலையைக் கூடக் கேட்காதீர்கள்.

நான்காவது: நைலானா, ரேடியலா?

இதில் ஆளுக்கொரு கட்சி. நைலான் டயரின் பக்கச்சுவர் தடிமனானது, பல அடுக்கு நூல் குறுக்கும் நெடுக்குமாகப் போகிறது. குத்தும் உரசலும் தாங்கும். அதனால்தான் ஜல்லி குவாரிக்குள் ஏறி இறங்கும் டிப்பர்களில் இன்னும் பலர் அதை விடவில்லை. ஆனால் ஓடும்போது அதிகம் சூடாகும், டீசலும் கூடப் பிடிக்கும், பட்டனும் சீக்கிரம் தேயும்.

ரேடியலில் பட்டனுக்குக் கீழே இரும்பு பெல்ட் இருக்கிறது, பக்கச்சுவர் மெல்லியது, வளைந்து கொடுக்கும். சூடு குறைவு, தேய்மானம் குறைவு, ரீட்ரேடு இரண்டு மூன்று முறைகூடப் போடலாம். ஒரே பலவீனம் அந்த மெல்லிய பக்கச்சுவர்தான். நான் சொன்ன மூன்று கிலோமீட்டர் அதைத்தான் குறிவைக்கிறது.

அப்படியானால் டெல்டாவுக்கு நைலானா? இல்லை. மாதத்தில் நாலாயிரம் கிலோமீட்டர் ரோட்டில் ஓடி, அதில் நூறு இருநூறு மட்டும் கரையில் இறங்கினால் ரேடியல்தான் கணக்குக்கு ஒத்துவரும். குவாரியிலேயே நாள் முழுக்கச் சுற்றும் வண்டிக்கு மட்டும் நைலான். ரேடியல் வாங்கும்போது "மிக்ஸ்டு ரோடு" என்று சொல்லிக் கேளுங்கள். ஒரே கம்பெனியிலேயே நெடுஞ்சாலைக்கு ஒன்று, கலப்பு ரோட்டுக்கு ஒன்று என்று வைத்திருப்பார்கள். கலப்பு ரோடு டயரில் தோள்பட்டை, அதாவது பட்டன் பக்கச்சுவரோடு சேரும் இடத்து ரப்பர், தடித்திருக்கும், சிலவற்றில் பக்கச்சுவரில் உரசலுக்கென்று ஒரு வரம்பு எழும்பியிருக்கும். விரலால் தடவினாலே தெரியும்.

ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், ஒரு பக்கம் ரேடியல் என்று மட்டும் எந்த நாளும் மாட்டாதீர்கள். அவசரத்துக்கு ஸ்டெப்னியாகக்கூட வேண்டாம். இரண்டும் வளையும் விதம் வேறு. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டியூப்லெஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆணி ஏறினால் காற்று மெதுவாகத்தான் இறங்கும், அது பெரிய வசதி. ஆனால் ரிம் சுத்தமாக இருக்க வேண்டும். வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி பக்கம் உப்பு ஏற்றுபவர்கள் இதைக் கவனியுங்கள். உப்புத் தண்ணீர் ரப்பரை ஒன்றும் செய்யாது, ரிம்மைத் தின்றுவிடும். பீடு உட்காரும் இடத்தில் துரு செதில் செதிலாக எழும்பி, அதன் வழியே காற்று கசியும். டிரைவர் பஞ்சர் என்று நினைத்து ஆணியைத் தேடிக்கொண்டே இருப்பார். டயர் கழற்றும்போதெல்லாம் ரிம்மைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துருவெதிர்ப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள். உப்பு லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரில் சக்கரத்தைக் கழுவச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை என்று தள்ளிப்போட்டால் பயனில்லை.

ஐந்தாவது: எந்த இடத்துக்கு எந்த டயர்

முன்னால் வரி டயர். நீளவாக்கில் நேர்க்கோடாக ஓடும் பள்ளங்கள் ஸ்டியரிங்குக்கு ஒத்துழைக்கும், மழையில் தண்ணீரைத் தள்ளும். முன்னால் எப்போதும் புது டயர்தான், ரீட்ரேடு கூடவே கூடாது. முன் டயர் வெடித்தால் வண்டி வாய்க்காலில்தான் நிற்கும்.

ஹவுசிங் அச்சில், அதாவது இன்ஜின் சுற்றும் அச்சில், பட்டன் டயர். ஆழமான கட்டைகள் சேற்றைப் பிடித்துத் தள்ளும். ஐப்பசி கார்த்திகையில் களத்துமேட்டுப் பக்கம் போனவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சிமென்ட் லோடு மட்டும் அடிப்பவர் ஆழ்ந்த பட்டன் வாங்கினால் வீண். ஆழமான கட்டை நல்ல ரோட்டில் ஆடும், ஆடினால் சூடாகும், சூடானால் தேயும்.

டிரெய்லர் கதை வேறு. இழுக்கிற புல்லரின் ஹவுசிங்குக்கு மேலே சொன்னதே பொருந்தும். டிரெய்லரின் அச்சுகள் இழுபடுபவை, அவற்றுக்குப் பிடிப்பு தேவையில்லை. மூன்று அச்சு டிரெய்லரில் 27 டன் அனுமதி, பன்னிரண்டு டயர், ஒன்றுக்கு 2,250 கிலோதான். அதனால் எடை பெரிய பிரச்சினை இல்லை. திருப்பம்தான் பிரச்சினை. ரைஸ் மில் வாசலில் டிரெய்லரை ஒடித்துத் திருப்பும்போது நடு அச்சு நின்ற இடத்திலேயே சுழலும், முன் அச்சும் பின் அச்சும் பக்கவாட்டில் இழுபடும். தரையில் கறுப்பாக ஒரு வில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நம் டயர்தான். ஆழமான பட்டனை அங்கே மாட்டினால் கட்டை கட்டையாகப் பிய்த்துக்கொண்டு போகும். ஆழம் குறைந்த, தோள்பட்டை கெட்டியான வரி டயர் டிரெய்லருக்குப் போதும். புல்லரில் பாதி தேய்ந்ததைக் கழற்றி டிரெய்லருக்கு மாட்டுவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. டிரைவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: இடம் இருந்தால் வட்டமடித்துத் திருப்பு, இல்லாவிட்டால் முன்னும் பின்னும் நகர்த்தித் திருப்பு, ஒரே மூச்சில் ஒடிக்காதே.

லிஃப்ட் அச்சு உள்ள வண்டி என்றால், வெறும் வண்டியில் தூக்கிவிடுங்கள், அந்த டயர்களின் தேய்மானம் மிச்சம். லோடில் அது கீழே இருந்தே ஆக வேண்டும். திருப்பம் சுலபம் என்று லோடோடு தூக்கிவைத்து ஓட்டும் டிரைவர்கள் உண்டு. அந்த எடை முழுவதும் மற்ற டயர்களின் தலையில் இறங்கும்.

ஆறாவது: கடையில்

எம்.ஆர்.எஃப்., அப்போலோ, ஜே.கே., சியட் என்று பெரிய கம்பெனி எல்லாவற்றிலும் நல்ல டயரும் உண்டு, நம் ஓட்டத்துக்குப் பொருந்தாத டயரும் உண்டு. பெரம்பலூர் பக்கத்திலேயே எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது. பக்கத்து ஊர்ச் சரக்கு என்பதற்காக அது அதிகம் ஓடிவிடப்போவதில்லை. நான் பார்ப்பது ஒன்றுதான்: டயரில் குறை வந்தால் கிளெய்முக்கு நான் எத்தனை தூரம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? முப்பது கிலோமீட்டருக்குள் பொறுப்பான டீலர் இருக்கும் கம்பெனியை எடுங்கள். பில்லில் ஒவ்வொரு டயரின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். எண் இல்லாத பில்லை வைத்துக் கிளெய்ம் கேட்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலைச் சீட்டைக் காட்டினால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், எப்படிப் பார்ப்பது என்று சொல்ல மாட்டார்கள். கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்று பாருங்கள். சும்மா ஒரு கணக்குக்கு: 20,000 ரூபாய் டயர் 60,000 கிலோமீட்டர் ஓடி, கேசிங், அதாவது பட்டனுக்கு அடியில் உள்ள டயரின் உடம்பு, கெட்டு, குப்பைக்குப் போகிறது. கிலோமீட்டருக்கு 33 பைசா. 24,000 ரூபாய் டயரும் அதே 60,000 ஓடுகிறது. ஆனால் கேசிங் நன்றாக இருப்பதால் 7,000 ரூபாய்க்கு ரீட்ரேடு போட்டு 45,000, மறுபடி 7,000-க்குப் போட்டு 40,000. மொத்தம் 38,000 ரூபாய், 1,45,000 கிலோமீட்டர், 26 பைசா. வித்தியாசம் ஏழு பைசாதானே என்று நினைக்காதீர்கள். பத்து டயருக்கு 70 பைசா, வருடம் 60,000 கிலோமீட்டர் ஓடினால் 42,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் கட்ட உதவும். உங்கள் நோட்டில் உள்ள எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

ஏழாவது: மாட்டும்போது

இங்கே என் கதை ஒன்று. முதல் வண்டி எடுத்த வருடம், பின்னால் ஒரு வெளி டயர் போய்விட்டது. ஒரே ஒரு புது டயர் வாங்கி, பாதி தேய்ந்த உள் டயருக்கு ஜோடியாக மாட்டினேன். மிச்சம் பிடித்ததாக நினைப்பு. நெல் ஏற்றிக்கொண்டு வரும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. நம் பக்கத்தில் அந்தக் கேட்டில் நிற்காத லாரிக்காரர் இல்லை. டிரைவர் இறங்கி வழக்கம்போலக் கட்டையால் ஒவ்வொரு டயரையும் தட்டிக்கொண்டே வந்தார். புது டயரில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டார். தோசைக்கல் சூடு. கேட் திறந்து நாலு கிலோமீட்டர் தாண்டவில்லை, வெடித்தது. பஞ்சர் கடைப் பெரியவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து, மேலே ஒரு கம்பியைக் குறுக்கே வைத்துக் காட்டினார். கம்பி சாய்ந்து நின்றது. "தம்பி, புதுசுதான் மொத்தத்தையும் தூக்கியிருக்கு. பழசு சும்மா கூடவே சுத்தியிருக்கு."

அன்றிலிருந்து ஜோடி டயரை ஜோடியாகத்தான் வாங்குகிறேன். பட்டன் ஆழத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஜோடி சேர்க்காதீர்கள். இரண்டு டயருக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று லோடு ஏற்றிய பிறகு பாருங்கள், வயிறு உரசக் கூடாது. உள் டயரின் வால்வும் வெளி டயரின் வால்வும் எதிரெதிர்த் திசையில் இருக்கும்படி மாட்டச் சொல்லுங்கள். கைக்கு எட்டாத உள் டயருக்கு யாரும் காற்று பார்ப்பதில்லை, அதனால்தான் எப்போதும் அதுவே முதலில் போகிறது. டியூப் டயர் என்றால் டியூப், டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் போடும் ரப்பர் பட்டையான பிளாப், இரண்டும் புதிது போடுங்கள். பழைய பிளாப்பின் மடிப்பு புது டியூபைக் கடிக்கும். மாட்டிய பிறகு ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை மறுபடி முறுக்குங்கள்.

காற்றடிக்கும் இடத்தில் கொஞ்சம் பயம் இருக்கட்டும். டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையமான லாக் ரிங் உள்ள ரிம்மில் ரிங் சரியாக உட்காராமல் காற்றேறினால் அது பறக்கும், எதிரில் நின்றவர் பிழைப்பது அரிது. இரும்புக் கூண்டு இல்லாத கடையில், குறைந்தது ரிங் பக்கம் தரையைப் பார்க்கும்படியாவது படுக்கவைத்துச் சங்கிலி சுற்றச் சொல்லுங்கள். ரேடியலில் இன்னொரு ஆபத்து உண்டு. காற்று இறங்கியது தெரியாமல் ரொம்ப தூரம் ஓட்டிய டயரில் பக்கச்சுவருக்குள் இரும்பு நூல்கள் ஒடிந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அப்படியே காற்றடித்தால் ஜிப் பிரிவது போல ஒரே கோடாகப் பிளந்து வெடிக்கும். அப்படி ஓடிய டயரைக் கழற்றி, உள்ளே பார்த்த பிறகுதான் காற்று. காற்றேறும்போது பக்கச்சுவருக்கு நேரே நிற்காதீர்கள், உங்கள் கிளீனரையும் நிற்க விடாதீர்கள்.

எட்டாவது: தினம் பத்து நிமிடம்

காற்று எத்தனை பவுண்டு என்பது டயரிலும் கம்பெனிப் பட்டியலிலும் இருக்கும், லாரி டயருக்கு பெரும்பாலும் 100-லிருந்து 125-க்குள் வரும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் பத்துப் பதினைந்து பவுண்டு கூடக் காட்டும், அது இயல்பு. "அதிகமா இருக்கு" என்று அப்போது இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் காற்று குறைந்த டயரோடு கிளம்புவீர்கள். கட்டையால் தட்டிப் பார்ப்பது முழுசாக இறங்கிய டயரைக் காட்டும், 20 பவுண்டு குறைந்ததைக் காட்டாது. ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள். நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்பார்கள். தேவையில்லை, சாதாக் காற்றைத் தவறாமல் பார்த்தால் போதும். வால்வு மூடி மட்டும் கட்டாயம், நம் ஊர்ச் சேறு வால்வுக்குள் போனால் காற்று நிற்காது.

ஜல்லி ஏற்றிய அன்று மாலை, ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். பள்ளத்தில் சிக்கிய ஒவ்வொரு கல்லையும் நெம்பி எடுங்கள். இன்று சிக்கிய கல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, ஒருநாள் பெல்ட்டைத் தொடும். அதன் பிறகு மழைத்தண்ணீர் வேலையை முடித்துவிடும். ஜோடி டயருக்கு நடுவே சிக்கும் பெரிய கல் இன்னும் மோசம், இரண்டு பக்கச்சுவரையும் ஒரே நாளில் அறுத்துவிடும். பட்டறைக் குவியலில் நான் பார்த்த டயர்களில் பாதி இந்தப் பத்து நிமிடம் கிடைக்காதவை.

ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். டிரெய்லருக்கு அடியில் தொங்கிக்கொண்டு சேறும் உப்பும் வாங்கும், தேவைப்படும் நாளில் காற்றே இருக்காது.

ஒன்பதாவது: எப்போது கழற்றுவது

சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் சின்ன மேடாக அடையாளம் வைத்திருப்பார்கள், அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் முடிந்தது. ஆனால் அதுவரை காத்திருப்பது நஷ்டம். மூன்று நாலு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே கழற்றி ரீட்ரேடுக்குக் கொடுங்கள். மொட்டையாகும் வரை ஓட்டினால் பெல்ட்டுக்கு அடி விழும், பட்டறைக்காரர் கையை விரித்துவிடுவார். கடைசி ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஆசைப்பட்டு அடுத்த நாற்பதாயிரத்தை விடுவது அது.

ரீட்ரேடு இரண்டு வகை. மோல்டில் வைத்து அதிகச் சூட்டில் வேகவைப்பது ஒன்று. ஏற்கெனவே வெந்த பட்டையை ஒட்டிக் குறைந்த சூட்டில் பிடிக்கவைக்கும் கோல்டு முறை இன்னொன்று. ரேடியலுக்கு இரண்டாவதுதான் நல்லது, கேசிங்கை மறுபடி அதிகமாக வேகவைப்பதில்லை. பட்டறையில் ஒன்று கேளுங்கள்: "பஃபிங் முடிஞ்சதும் கூப்பிடுங்க, வந்து பாக்குறேன்." பழைய ரப்பரைச் சுரண்டிய பிறகுதான் கேசிங்கின் நிஜ முகம் தெரியும். துருக் கறை, பழைய ஒட்டு, பிரிந்த அடுக்கு எல்லாம் அப்போது கண்ணுக்குத் தெரியும். கூப்பிட மறுக்கிற பட்டறைக்கு நான் இரண்டாவது முறை போனதில்லை. உங்கள் டயரின் சீரியல் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், அதே கேசிங் திரும்பி வந்ததா என்று சரிபாருங்கள்.

நேரம் பார்த்துச் செய்வதும் முக்கியம். சம்பா அறுவடை தை மாசியில் முட்டி மோதும். அப்போது வண்டியை நிறுத்த மனம் வராது, பட்டறையிலும் டயர் மலை மாதிரி குவிந்திருக்கும், அவசரத்தில் எதையாவது வாங்கி மாட்டுவோம். ஓட்டம் மந்தமான மார்கழியிலேயே ஆழம் அளந்து, போக வேண்டியதைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். முதல் மூட்டை ஏறும்போது பத்துச் சக்கரமும் தயாராக நிற்கும்.